பெருமாள்மலைக்கு மேலே ஒரு சுற்று

மே மாதத்துச் சனிக்கிழமை, காலை 7.10. ஆரப்பாளையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் அழுதேன். அங்கே நின்றது நான்கு பேர் உட்காரக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானம். சர்வீஸுக்காகக் கோவைக்குப் போகிறது. ஓட்டுபவர் அந்தோணி, என் தம்பியோடு படித்தவர், முப்பத்தெட்டு வயது. "சும்மாதான் போறேன், வாங்கக்கா" என்று அழைத்திருந்தார். கோவைக்குப் பேருந்தில் முதுகு ஒடிய உட்கார்ந்து பழகியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என் எடை. அறுபத்தெட்டு என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுபத்தைந்து என்று எழுதிக்கொண்டார்.

இந்தப் பயணம் முழுக்கக் கண்ணை நம்பியது என்று விளக்கினார். தரை தெரிய வேண்டும், மலை தெரிய வேண்டும், மேகத்துக்குள் போகவே கூடாது. வத்தலக்குண்டு வரை நேராகப் போய், வலப்பக்கம் திரும்பி, கன்னிவாடி, ஒட்டன்சத்திரம் என்று சமவெளி மேலேயே கோவை.

"நடுவுல ஒரு சின்ன சோலி இருக்குக்கா. பெருமாள்மலைக்கு மேல ஒரு சுத்து. அம்மா பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

பெருமாள்மலை அவருடைய ஊர். கொடைக்கானல் மலைப்பாதையில் அப்பா இருபது வருஷம் பேருந்து ஓட்டியவர், இப்போது இல்லை. அம்மா ஊர் முக்கில் டீக்கடை வைத்திருக்கிறார். மகன் விமானம் ஓட்டுவதைத் தெருவில் பாதிப்பேர் நம்புவதில்லையாம்.

7.50. அந்தோணி அம்மாவை அழைத்து, வானம் எப்படி என்று கேட்டார். வானிலை அறிக்கை கையில் இருந்தும் கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"நல்லா வெளுத்துக் கெடக்கு ராசா. எல்லாரும் ரோட்டுல வந்து நிக்கிறாக. வெரசா வா."

8.12-க்குக் கிளம்பினோம். வைகை மணலாகக் கிடந்தது. தென்னந்தோப்புகள், கண்மாய்கள், செங்கல் சூளைகள். நான் சின்னப்பிள்ளை மாதிரி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தேன்.

8.30, வத்தலக்குண்டு. எதிரே இருக்க வேண்டிய மலையின் மேல்பாதியைக் காணோம். சாம்பல் நிறத்தில் ஒரு மூடி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் கன்னிவாடி வரை நல்ல வெயில், வயல்களைக்கூட எண்ணலாம். அந்தோணி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு நேராகவே போனார்.

"வெளுத்துக் கெடக்குன்னு அம்மா சொன்னாங்களே?"

"மேல வெளுத்திருக்கும்க்கா. இது காலைப் பஞ்சு, போயிரும்."

ஏழாயிரம் அடியில் போக வேண்டியவர் மேகத்துக்கு அடியில் நிற்பதற்காக நாலாயிரத்து இருநூறுக்கு இறங்கினார். பெருமாள்மலையே ஐயாயிரம் அடி இருக்கும். அந்தக் கணக்கு எனக்கு அப்போது ஓடவில்லை. கீழே ஒரு மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுவது தெரிந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் நம்ம ரோடு. எங்கப்பா ஓட்டுன ரோடு. கண்ணைக் கட்டி விட்டாலும் போயிருவேன்."

8.37. இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்தது. மேகம் இறங்க இறங்க அவரும் இறங்கினார். சாலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. இடப்பக்கச் சரிவில் காப்பித் தோட்டம். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட ஏழெட்டுப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். குனிந்து பார்த்தார்கள். விமானத்தில் இருப்பவள் நான். அவர்களோ எனக்கு மேலே நின்றிருந்தார்கள். ஒருத்திகூடக் கையசைக்கவில்லை.

மறுபடி சாலையைப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு ஈரமாக, சுத்தமாகக் கிடந்தது. மனசுக்கு ஏதோ பிடிக்கவில்லை. என்னவென்று புரிந்தபோது வாய்விட்டே கேட்டேன்.

"அந்தோணி, சீசன் நேரம், சனிக்கிழமை. கொடைக்கானல் ரோட்டுல ஒரு வண்டிகூட இல்லையே?"

அவர் சாலையை எட்டிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மே மாதச் சனிக்கிழமையில் அந்தச் சாலையில் வேன்கள் எறும்பு மாதிரி ஊரும் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். நாங்கள் பிடித்து வந்தது பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஏறும் பெரும்பாறைப் பாதை. அவர் தெரியும் என்று நம்பியிருந்த பள்ளத்தாக்கு இது இல்லை. இதன் முடிவில் என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

"திரும்பணும்" என்றார். திருப்பினார். மேகம் எங்களை விழுங்கியது.

8.41. வெள்ளை. மேலும் இல்லை, கீழும் இல்லை. இறக்கை நுனிகூடத் தெரியவில்லை. கையில் மலையை வைத்துக்கொண்டு யாரோ அந்த வெள்ளைக்குப் பின்னால் காத்திருப்பது போல இருந்தது. அந்தோணி ஒரு வட்டமான கருவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், உயரம் காட்டும் முள்ளை எனக்குக் காட்டினார்.

"அதைச் சத்தமாப் படிச்சுக்கிட்டே இருங்க. வேற எதையும் பாக்காதீங்க."

"நாலாயிரத்து நூறு. நாலாயிரம். நாலாயிரம். நாலாயிரத்து ஐம்பது..." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. திடீரென்று வலப்பக்கமாகச் சரிந்து விழுகிறோம் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. "விழுறோம் அந்தோணி!"

"விழல. எனக்கும் அப்படித்தான் இருக்கு. உடம்பு பொய் சொல்லுதுக்கா, நம்பாதீங்க. நம்பரைச் சொல்லுங்க."

சொன்னேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமி பெயருக்கும் நடுவில் எண்களைச் சொன்னேன். அவர் தன் உடம்போடு மல்லுக்கட்டுவது பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரிந்தது. கை ஒரு பக்கம் போக, அதை இழுத்துப் பிடித்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை. சாவு பயம் என்றால் என்ன என்று அன்றுதான் அறிந்தேன். ஒன்றரை நிமிடம்தான் என்று பிறகு சொன்னார். நான் ஒரு மணி நேரம் என்று சத்தியம் செய்வேன்.

வெள்ளை கிழிந்தது. கீழே வத்தலக்குண்டுத் தென்னைகள், வெயில். நான் சத்தம் போட்டு அழுதேன்.

9.05. கோவை வேண்டாம் என்று மதுரையிலேயே இறங்கினோம். எஞ்சினை அணைத்த பிறகும் அந்தோணி இறங்கவில்லை. "அம்மாவுக்கு என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார். "உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

9.40. கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அம்மாவே அழைத்தார். அந்தோணி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே, மேல இருந்துக்கிட்டே போன் எடுக்குறியே! பாத்து ஓட்டு. மஞ்சு மூடுனதால உருவம்தான் தெரியல. சத்தம் நல்லாக் கேக்குது. எல்லாரும் கை தட்டுறாக."

"அம்மா, நான் வரல. பாதியிலேயே திரும்பிட்டேன். மதுரையில எறங்கி அரை மணி நேரமாச்சு."

"போடா, வெளையாடாத. தலைக்கு மேல சுத்திக்கிட்டே கெடக்க. இந்தா, நீயே கேளு."

போனை வெளியே நீட்டியிருக்க வேண்டும். ஆட்கள் பேச்சு, ஒரு பேருந்து ஹாரன். அவற்றுக்கு மேலே மெல்லிய இரைச்சல், நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி. அந்தோணி கண்ணை மூடிக் கேட்டார்.

"நம்ம எஞ்சின் மாதிரியே கேக்குதுக்கா. வழி தெரியாமச் சுத்துது."

போனை என்னிடம் தந்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினார். யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று தகவல் சொல்லத்தான். திரும்பி வந்தபோது நடைதான். "காலையில இருந்து அந்தப் பக்கம் போனது நாம மட்டும்தானாம்" என்றார். போனை வாங்கி, சின்னக் குரலில் பேசினார்.

"அம்மா, மேல பாக்காத. எல்லாரையும் கூட்டிக்கிட்டு உள்ள போ. கதவைச் சாத்து."

"ஏன்டா? நீ இன்னும் எறங்கலையே?"

பகல் 12.20 பேருந்தில் கோவைக்குக் கிளம்பினேன். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் இடப்பக்கம் மலை முழுசாகத் தெரிந்தது, ஒரு துண்டு மேகம்கூட இல்லாமல். பேருந்தில் பாட்டுப் போட்டால் சண்டைக்குப் போகிறவள் நான்; கோவைத் தடத்து நடத்துநர்களுக்கெல்லாம் அது தெரியும். அன்று மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்த இரைச்சல் காதில் விழுந்துவிடக் கூடாதென்று நடத்துநரைக் கூப்பிட்டேன்.

"பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க தம்பி."