பெரட்டுக் களத்தில் கெய்ரோ

ஈரப் புல்லில் உட்கார்ந்தால் பள்ளிச் சீருடையைத் தாண்டித் தொடைவரை ஏறுகிற அந்தக் குளிர், இன்றைக்கும் கிளினிக்கிலோ அலுவலகத்திலோ யாராவது என் பெயரைக் கூப்பிடும்போது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. ஓர் இடத்தில் நிம்மதியாக உட்காரத் தெரியாத என் சுபாவத்துக்கு அந்தக் காலைதான் காரணம் என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. மந்தின் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்கு வீடு கடிதம் வந்திருந்தது. மாற்று வீடு தராமல் நகர மாட்டேன் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாளே தவிர, என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. அந்த நாட்களில்தான் மந்தின் சாப்பாட்டுக்கடை பாயின் தொலைக்காட்சியில், அதிபரைப் பதவி விலகச் சொல்லி எகிப்து ஜனங்கள் நடத்திய போராட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கெய்ரோவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் கமர் அக்காவை, அங்கே கலவரம் என்று எங்கள் நாட்டு மாணவர்கள் எல்லோரோடும் விமானத்தில் அழைத்து வந்திருந்தார்கள். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வாங்கப் போன அம்மா, பொட்டலம் ஆறிப்போவதுகூடத் தெரியாமல், தஹ்ரீர் சதுக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஜனங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இம்புட்டுக் கூட்டத்துக்கு யாரு பாப்பா தலைவரு?" என்று கல்லாவில் இருந்த கமர் அக்காவிடம் கேட்டாள்.

"அப்படி யாரும் இல்லக்கா. சோறு கொண்டார ஒரு கூட்டம், காயத்துக்கு மருந்து போட ஒரு கூட்டம், குப்பை கூட்ட ஒரு கூட்டம். போ போன்னு வெரட்டுறாங்க, போகல. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? நமக்கு உக்காரத் தெரியாதாக்கும்!" என்றாள் அம்மா.

விடிவதற்கு முன்னால் ஆட்களை நிறுத்தி, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்குத் தோட்டத்தில் "பெரட்டு" என்று பெயர். மேனேஜர் வீட்டு வாசலிலிருந்தே தெரிகிற அந்தப் பெரட்டுக் களம்தான் எங்கள் தஹ்ரீர் என்று அம்மாவும் லயத்துப் பெண்களும் பேசி முடிவு செய்தார்கள். கமர் அக்கா சொன்ன கணக்கில் ஒருத்தி தேத்தண்ணீர் வாளி, ஒருத்தி துடைப்பம், ஒருத்தி மருந்தெண்ணெய் என்று பிரித்துக்கொண்டு, திங்கட்கிழமை வரிசையாகப் புல்லில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்தபடி நானும் உட்கார்ந்தேன். பெருமையில் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

மண்டோர் வந்தார். எங்களைப் பார்த்துத் திகைத்தார். கத்தவில்லை, திட்டவில்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போலப் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

"முனியம்மா!"

"இருக்கேன்!" என்று முனியம்மா அக்கா எழுந்து நின்றுவிட்டார். சிறு வயதிலிருந்து அந்தக் குரலுக்கு எழுந்து பழகிய கால்கள். அடுத்த பெயர், அடுத்த பெயர். "லெட்சுமி!" என்றதும் என் கைக்குள்ளிருந்த அம்மாவின் கை நழுவியது. எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது என்பதை அவள் முகத்தில் பார்த்தேன். கடைசியில், புத்தகத்தில் பெயர் இல்லாத நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன்.

"உக்காரும்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஸ்கூலுக்கு நேரமாச்சு, எந்திரி," என்றாள், என்னைப் பார்க்காமல். ரப்பர் பால் வாளியை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு மரங்களுக்குள் போய்விட்டாள். அவளை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

இப்போது பாரோய் டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பெரட்டுக் களம் இருந்த இடத்தில் வேலி போட்ட மாடி வீடுகளும் காவல்காரர் கூண்டும் நிற்கின்றன. களமும் இல்லை, பெயர் கூப்பிட மண்டோரும் இல்லை. கெய்ரோவின் அந்தச் சதுக்கத்திலும் பிறகு யாரையும் உட்கார விடவில்லை என்று படித்தேன். ஆனாலும் டூனிஸ், கார்ட்டூம், பெய்ரூட் என்று எங்காவது ஜனங்கள் தெருவில் உட்கார்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள், நானும் தூக்கம் கெட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஒருநாள் கைப்பேசியில் அப்படியொரு கூட்டத்தை அம்மாவுக்குக் காட்டினேன். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பேரு கூப்புடுறவன் வந்துட்டானா?"

"இன்னும் வரலம்மா."

அம்மா கைப்பேசியை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"வந்தாலும் எந்திரிக்காதீங்க," என்றாள் அவர்களிடம்.