தங்கைக்காக மாட்டிய ஏசி

என் தங்கை பேச்சியின் முதுகில் கை வைத்தால் வெயிலில் கிடந்த அம்மிக்கல்லைத் தொட்ட மாதிரி சுடும். சுடுமே தவிர ஒரு பொட்டு ஈரம் இருக்காது. அவளுக்குப் பிறவியிலேயே வேர்வைச் சுரப்பிகள் இல்லை, உடம்புச் சூடு வெளியே போக வழி கிடையாது, வெயிலில் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். வெயில் ஆகாத பிள்ளை வந்து பிறப்பதற்குக் கோவில்பட்டியை விட்டால் வேறு ஊரா கிடைக்கவில்லை என்று நான் சாமியிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். கோடை முழுக்க அம்மா அவளுக்கு ஈரத்துணி போர்த்தியே வைத்திருப்பாள். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் "வேர்க்காத மகாராணி வாராவ, வழி விடுங்க" என்று கேலி செய்வார்கள். அவளும் சளைக்காமல் ஈரத் துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு மிடுக்காக நடந்து காட்டுவாள்.

அப்பாவுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் வத்தல் வாங்கிவர ஒரு பழைய அம்பாசிடர் வைத்திருந்தார். டிக்கி கொள்ளாத மூட்டையைப் பின்சீட்டிலும் ஏற்றுவார் என்பதால், அந்த வண்டியில் ஏறியவர்கள் யாரும் தும்மாமல் இறங்கியதில்லை. அதற்குப் போய் ஏசி மாட்டப் போவதாக அவர் சொன்னபோது தெருவே சிரித்தது.

காரணம் அம்மாவின் ஆசை. எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குச் சித்திரையில்தான் "கொடை" என்கிற திருவிழா வரும். அந்த வெயிலுக்குப் பயந்து பேச்சியை ஒருதரம்கூட அங்கே கூட்டிப்போனதில்லை. பிள்ளையை ஒரு கொடைக்காவது அம்மன் கண்ணில் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா நம்பினாள். "புது வண்டியே எடுத்துருவமே" என்று அவள் கேட்டதற்கு, "இதோட இஞ்சினுக்கு என்ன கொறச்சல்? இதுலயே மாட்டிக்கிடுவோம்" என்று அப்பா முடித்துவிட்டார்.

மெக்கானிக் ராசு அண்ணாச்சியின் ஷெட்டுக்கு அப்பாவோடு நானும் போவேன். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்கியது. இஞ்சினில் புதிதாக ஒரு பெல்ட் ஏறியது. ரேடியேட்டருக்கு முன்னால், அதே அகலத்துக்கு இன்னொரு வலை உட்கார்ந்தது. அண்ணாச்சி அந்த வலையைத் தட்டிக் காட்டி, "உள்ள இருக்க சூட்ட இதுதான் வெளிய தள்ளுது. எப்பவும் இங்கன காத்து படணும். முன்பக்கத்த மறைச்சா ஏசியும் நிக்கும், இஞ்சினும் கொதிச்சிரும்" என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டில் போய் யாரிடமும் சொல்ல வேண்டிய விஷயமாக அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

முதல்நாள் வண்டியைத் தெருவில் நிறுத்தி ஏசியைப் போட்டதும், பேச்சி அந்தப் பெட்டியின் வாயில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு "யக்கா, எனக்குக் குளிருதுக்கா" என்று கத்தினாள். குளிருது என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வத்தல் நெடி இன்னும் போகவில்லை என்று வண்டியின் மேல் பழியைப் போட்டார்.

கொடைக்குக் காலையில் கிளம்பினோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. அம்மன் சன்னிதியில் பேச்சியை நிறுத்தி அம்மா அழுத அழுகையில் சந்தோஷம்தான் நிறைய இருந்தது. பூஜை முடிய உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அம்மனுக்குச் சாத்தியிருந்த சிவப்புப் பட்டுத் துணியை எடுத்துப் பூசாரி அம்மாவிடம் கொடுத்தார். சாமிக்குச் சாத்திய துணியையும் மாலையையும் வண்டியின் முகப்பில் கட்டிக்கொண்டு வீடு திரும்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா டிக்கியில் பொங்கல் பானைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா அந்தப் பட்டை நன்றாக விரித்து, வண்டியின் முன்கம்பிகளை மூடி நாலு முனையையும் இறுக்கிக் கட்டினாள். எம்புள்ளையக் காப்பாத்தித் தந்த வண்டி என்று அதற்குக் குங்குமமும் வைத்தாள்.

வழியில் பெட்டியிலிருந்து வெறும் சூட்டுக்காற்று வர ஆரம்பித்தது. கண்ணாடிகளை இறக்கினால் அதைவிட அனல். கொஞ்ச தூரத்தில் இஞ்சின் புகைந்து வண்டி நின்றேவிட்டது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கிற கரிசல்; நிழல் என்று சொல்ல உடைமுள் தவிர எதுவும் இல்லை. பின்சீட்டில் அம்மா குடத்துத் தண்ணீரைப் பேச்சியின் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு முன்பக்கம் வந்தார். காற்றாடி இழுத்த இழுப்பில் அந்தப் பட்டு கம்பிகளோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அறுத்து எடுத்துச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். தூக்கிய பானெட்டு மறைத்ததால் அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "ஏட்டி, அம்மைகிட்ட மூச்சு விடாத" என்றார். 

பருத்தி ஏற்றிவந்த ஒரு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். எட்டயபுரம் வருவதற்குள் பேச்சி போய்விட்டாள். அவளுடைய நெற்றி அப்போதும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

பட்டு எங்கே என்று அம்மா பிறகு கேட்டபோது, காற்றில் பறந்துவிட்டது என்றார் அப்பா. ஏசி ஏன் நின்றது என்று கேட்டவர்களிடமெல்லாம், "பழைய இஞ்சின்ல போயி பாரத்த ஏத்துனேன், எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று ஒரே பதிலைச் சொன்னார். புது வண்டி எடுக்கக் காசில்லாமலா இருந்தது, கஞ்சத்தனத்தால் பிள்ளையைத் தின்றுவிட்டான் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அப்படிப் பேசிய சித்தப்பாவை இன்றைக்கும் எனக்குக் கண்டால் ஆகாது. அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் கொடுத்து மட்டும் பேசவில்லை. கடைசிவரைக்கும் அப்பா அதைத் தன் கூலி மாதிரி வாங்கிக்கொண்டார். அவர் இறந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று அந்தப் பாதை அகலமாகிவிட்டது. ராசு அண்ணாச்சியின் ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. ஏசி இல்லாமல் இப்போது யார் கார் வாங்குகிறார்கள்? பழைய வண்டிக்கு ஏசி மாட்டுவது என்றால் என்னவென்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக அம்மாவை என் காரில் அந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள், லாரி எங்களை ஏற்றிய இடம் தாண்டியதும் சொன்னாள்:

"உங்கப்பா அன்னைக்கே புது வண்டி வாங்கியிருந்தா எம்புள்ள உசுரோட இருந்திருப்பா, இல்லட்டி?"

அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

"ஆமாம்மா" என்றேன்.