என் வீட்டுக்காரரின் கிளையன்ட்

கல்லூரியில் என் வீட்டுக்காரருக்கு வைத்த பெயர் டேப். இடுப்பு பெல்ட்டில் அளவு டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரே ஆள் அவர்தான். நடக்க நடக்க அது நழுவி முதுகுப் பக்கம் போய்விடும். உடனே, "என் டேப்பைப் பார்த்தியா?" என்று வீடே அதிர ஒரு குரல் வரும். நான் குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, அப்போதுதான் கண்ணசந்திருந்தாலும் சரி, அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பிழைப்பு டைல்ஸ் கடையில். குளியலறைக்கு டைல்ஸ் வாங்க வருகிறவர்களின் வீட்டு பிளானை வாங்கிப் பார்த்து, இந்தச் சுவரைத் தள்ளு, அந்தக் கதவைத் திருப்பு என்று யோசனை சொல்லுவார். ஒருநாள் கூட வந்த இன்ஜினியர் பொறுக்க முடியாமல், எல்லாம் படித்தவர் மாதிரி பேசுகிறீர்களே என்றாராம். அந்த மனிதர் குத்தலாகத்தான் சொல்லியிருக்கிறார். இவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, மீசை நரைக்கிற வயதில், கட்டட வடிவமைப்பும் கட்டுமான மேலாண்மையும் சேர்ந்த படிப்பில் மாலை வகுப்புக்குச் சேர்ந்துவிட்டார். சேர்ந்த பிறகுதான் எனக்குச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கண்ணாடி முன் நின்ற நிலையைப் பார்த்தபோது, திட்ட வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விழுங்கிவிட்டேன்.

விழுங்கியிருக்கக் கூடாது. கல்லூரியில் கற்றதையெல்லாம் எங்கள் மேல்தான் சோதித்துப் பார்த்தார். சமையலறையில் வீண் நடை எவ்வளவு என்று கண்டுபிடிக்க அடுப்பிலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கும் நூல் கட்டினார். அதில் கால் தட்டி நான் விழுந்ததுதான் மிச்சம். பிறகு கிரிட்டிக்கல் பாத் என்று ஒன்று வந்தது. ஒரு கட்டடத்தில் எந்த வேலை தாமதமானால் எல்லாமே தாமதமாகுமோ, அந்த வேலைகளின் வரிசையாம் அது. எங்கள் வீட்டுக் காலை வேளைக்கு ஒரு சார்ட் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினார். அதன்படி என் சமையலும் மகளின் குளியலும் கிரிட்டிக்கல். அவர் குளியலுக்கு மட்டும் ஃப்ளோட் உண்டு, அதாவது எப்போது வேண்டுமானாலும் போகலாம். அந்த எப்போது வேண்டுமானாலும் என்பது தினமும் மகள் துண்டோடு குளியலறை வாசலில் நிற்கும் நேரமாகவே அமைந்தது.

மேலாண்மைப் பாடங்களில் ஆள் கெட்டி. கடைசி வருட வடிவமைப்பில்தான் மண்ணைக் கவ்வினார். டைல்ஸ் கடைப் புத்தி எங்கே போகும்? அவர் வரைந்த வீட்டில் குளியலறை ஹாலைவிடப் பெரிது. வந்தவர்களை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று தேர்வாளர் கேட்டதற்கு, முதலில் கால் கழுவட்டும் என்றிருக்கிறார். ஃபெயில். திரும்ப எழுத ஒரே ஒரு வாய்ப்புத்தான் தருவார்கள். அதிலும் தவறினால் இத்தனை வருடப் படிப்பும் அம்போ. பாஸ் செய்தால் சைட் இன்சார்ஜ் வேலை தருவதாகக் கடைக்கு வரும் ஒரு பில்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போதெல்லாம் இவர் குரல் தழுதழுக்கும். அதைக் கேட்டுக் கேட்டு அந்த ஆசை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்த முறை கற்பனை வீடு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். உண்மையான இடம் வேண்டும், உண்மையான கிளையன்ட் வேண்டும், கடைசி நாளில் அந்த கிளையன்ட் நேரில் வந்து பேச வேண்டும். கடை வாடிக்கையாளர்கள் கைவிரித்தார்கள். அவருடைய அண்ணன் கேட்டதும் ஊருக்கே போய்விட்டார். மிஞ்சியது எங்கள் மொட்டை மாடி. எப்போதோ மேலே கட்டுவோம் என்று தூண்களில் கம்பிகளை நீட்டிவிட்டு, இத்தனை நாளும் அதில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் மாடி என்றால் கிளையன்ட் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை தலையை வாரிக்கொண்டு வெளியே போனவர் எங்கள் வீட்டு பெல்லையே அடித்தார். கதவைத் திறந்தால் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறார்.

"வணக்கங்க. மாடி விஷயமா பேச வந்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க மேடம். உங்களுக்கு என்ன வேணும்?"

எங்களுக்குக் கல்யாணமாகி, மகள் வளர்ந்து தோளுக்கு மேல் நிற்கிறாள், இந்தக் கேள்வியை இந்த மனிதர் கேட்டதே இல்லை. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. நான் ஆஸ்பத்திரியில் விசாரணை கவுண்டரில் உட்காருகிறவள். காலையிலிருந்து மாலை வரை மேடம், அக்கா, அம்மா, ஹலோ என்று ஊரே என்னைக் கூப்பிடும். வீட்டுக்கு வந்தால் டேப்பைப் பார்த்தியா என்பது ஒன்றுதான்.

"நான் தனியா உட்கார ஒரு ரூம் வேணும். கதவு இருக்கணும். கூப்பிட்டா கேக்கக் கூடாது."

"யார் கூப்பிட்டா மேடம்?"

"என் வீட்டுக்காரர்."

குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்காரர் என்று எழுதிக்கொண்டார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். விடுவேனா? அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும்வரை சொன்னேன். அவர் காதுகள் சிவந்துகொண்டே போயின, ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "கஷ்டம்தான் மேடம்" என்றார்.

அதன் பிறகு சாப்பாட்டு மேசை எங்களுக்கு இல்லாமல் போயிற்று. வரைபடங்கள், ஃபோம் போர்டு, பசை. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். பிளானைக் காட்டினார், பிடித்திருந்தது. மாடிக் கோடியில், படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் என் அறை. ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தோட்டத்து மரம் தெரியும். ஃபோம் போர்டில் செய்த வீட்டு மாடலை மட்டும் துணி போட்டு மூடியே வைத்திருந்தார். பசை காயவில்லையாம்.

கடைசி நாளன்று லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கூடம் முழுக்க மகள் வயதுப் பிள்ளைகள். எல்லாரும் இவரை அங்கிள் என்று கூப்பிட்டு ஆல் தி பெஸ்ட் சொன்னார்கள். வெளியிலிருந்து தேர்வாளராக ஓர் ஆர்க்கிடெக்ட் அம்மாள் வந்திருந்தார். பக்கத்தில் மேலாண்மை வாத்தியார். இவர் தடுமாறாமல் விளக்கினார். குளியலறை அளவோடு இருந்தது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் மாடலுக்குள் எட்டிப் பார்த்து, மாடி அறைச் சுவரில் இதென்ன ஓட்டை என்று கேட்டார்.

காற்றோட்டம் என்றார் இவர். காதுகள் சிவந்துவிட்டன.

நானும் எட்டிப் பார்த்தேன். அந்த ஓட்டை படிக்கட்டுப் பக்கம் திறந்திருந்தது. படிக்கட்டின் கீழே ஹால். ஹாலில் ஓட்டைக்கு நேர் கீழே ஒரு குட்டி நாற்காலி. அது யாருடைய நாற்காலி என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே உட்கார்ந்து டேப்பைக் கேட்டால் என் காதில் வந்து விழும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்கதான் கிளையன்டா? டிசைன் திருப்தியா?" என்றார் அந்த அம்மாள்.

இவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பாஸ். சைட் இன்சார்ஜ். அந்தத் தழுதழுத்த குரல். எல்லாம் தெரியும். ஆனால் கேட்டதே ஒன்றுதான், அதிலும் ஓட்டை போட்டால் எப்படி?

"எல்லாம் நல்லா இருக்குங்க. அந்த ஓட்டையை மட்டும் அடைக்கணும்."

மேலாண்மை வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவர் எழும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளையன்ட் மனசு மாறிவிட்டார், இப்போது தாமதம் யார் தலையில் என்று கேட்டார். கிளையன்ட் தலையில் என்பதுதான் பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில். இவரும்தான். குளித்துக்கொண்டே ஒப்பித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

இவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மனசு மாறல சார். முதல் நாளே சொன்னாங்க, நான் எழுதியும் வெச்சிருக்கேன். காதுலதான் வாங்கல. தப்பு என்னோடது, அடைச்சுக் குடுக்கறது என் பொறுப்பு."

பிறகு எதற்கு வைத்தீர்கள் என்று அந்த அம்மாள் விடாமல் கேட்டார்.

"பயம் மேடம். கதவைச் சாத்திக்கிட்டாங்கன்னா, அப்புறம் வெளிய வரணும்னே தோணாம போயிடுமோன்னு."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் ஒரு துண்டு ஃபோம் போர்டை எடுத்து அளவு பார்க்க இடுப்பைத் தடவினார், பையைத் துழாவினார், பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார். நான் மோவாயால் அவர் முதுகுப் பக்கம் காட்டினேன். எல்லார் முன்னிலையிலும் அளந்து, வெட்டி, ஒட்டி அடைத்தார். கொஞ்சம் கோணல்தான்.

பாஸ். வடிவமைப்பில் தத்தித் தாவி, மேலாண்மையில் வகுப்பிலேயே முதல். வாத்தியார் என்ன நினைத்து அவ்வளவு போட்டார் என்று தெரியவில்லை.

இப்போது சைட் இன்சார்ஜ் ஆகிவிட்டார். எங்கள் மாடியும் எழும்புகிறது, அவர் சார்ட்படி எப்போதோ முடிந்திருக்க வேண்டியது, ஃப்ளோட்டெல்லாம் தீர்ந்துபோய் நிற்கிறது. என் அறைக்குச் சுவர் மட்டும் வந்திருக்கிறது, கூரை இல்லை. கதவுக்கு நிலை வைத்திருக்கிறார்கள், கதவு வரவில்லை. நேற்று வேலை முடிந்து வந்ததும் நேரே மேலே போய் ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தேன். நாலு பக்கமும் சுவர், எதிலும் ஓட்டை இல்லை, தடவிப் பார்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் படியேறி வந்து நிலையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வெளியிலேயே நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கதவு சாத்தியிருக்கு."

இல்லாத கதவை ஒரு கணம் பார்த்தார்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படியிறங்கினார். டேப் முதுகுப் பக்கம் பெல்ட்டில் ஆடிக்கொண்டே போனது. நான் சொல்லவில்லை.