ரத்தினம்மாவின் மோரும் எங்கள் கண்ணாடிக் குழாய்களும்

அழுகின முட்டை நாற்றம் என்றால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான் வரும்... சிரிக்காதீர்கள் நண்பர்களே, காரணம் இருக்கிறது.

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருஷமே ஆகியிருந்த காலம். ராபர்ட்சன்பேட்டையில் கடைத்தெரு அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. நான் கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத்தின் அஸ்ஸே ஆபீஸில் வேலை பார்த்தேன். கல்லைப் பொடித்து, உருக்கி, அதில் தங்கம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற இடம். கூட வேலை பார்த்தவன் டேனியல். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் நீளம்.

சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் ரத்தினம்மா மோர் விற்பாள். பூதிகோட்டை கிராமத்திலிருந்து வருகிறவள். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிற ஆட்கள், முகத்தில் கல்தூசியோடு நேராக அவளிடம்தான் போவார்கள். இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு... அப்படி ஒரு மோர்.

அந்தக் கோடையில் சுரங்க ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் வயிற்றுவலி கிளம்பியது. குடலைப் பிடித்து முறுக்குகிற வலி. எனக்கும் வந்தது. யோசித்துப் பார்த்தால், வலி வந்தவர்கள் எல்லோரும் ரத்தினம்மாவிடம் மோர் குடிக்கிறவர்கள்.

ஒரு நாள், அதே வலியோடு வந்த சுரங்க மேஸ்திரி அவள் தவலையைக் காலால் உதைத்துக் கவிழ்த்துவிட்டார்.

“மருந்து வச்சிட்டியா? இனிமே இந்தப் பக்கம் வந்தே, போலீஸ்தான்!”

மண்ணில் மோர் ஓடியது. அவள் அழவில்லை. “நானுந்தானே குடிக்கிறேன்! என் மோருல இன்னா இருக்குது, காட்டுங்க பார்க்கலாம்!” என்று கத்தினாள்.

டேனியல் என் கையைப் பிடித்தான். “டேய், அந்தத் தவலையப் பாரு. உள்ளே புது ஈயம். இன்னா மினுமினுப்பு!”

பித்தளைக்கு உள்ளே பூசுவது வெள்ளீயம். விலை ஜாஸ்தி என்று சிலர் அதில் காரீயத்தைக் கலந்துவிடுவார்கள். காரீயம் விஷம். புளித்த மோர் அதைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். இது எங்கள் சந்தேகம்தான். சந்தேகத்தைச் சொன்னால் மேஸ்திரி கேட்பாரா?

“அம்மா, உங்களுக்கு வயிறு வலிக்கலியா?” என்று அவளிடம் கேட்டேன்.

கவிழ்ந்த தவலையை நிமிர்த்தி வைத்தாள். அப்புறம் மெதுவாக, “வலிக்குதுதான்... வெளிய சொன்னா யாரு சாமி வாங்குவாங்க?” என்றாள்.

மறுநாளே எங்கள் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரையிடம் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கினோம். நாங்கள் சொன்னபடி ரத்தினம்மா ஒரே தயிரில் கடைந்த மோரைத் தவலையில் கொஞ்சம், மண்சட்டியில் கொஞ்சம் வைத்திருந்து கொண்டுவந்தாள். இரண்டையும் தனித்தனியாகச் சுண்டவைத்து, சாம்பலாக்கி, ஆசிட்டில் கரைத்து, தண்ணீர் சேர்த்தோம். அதற்குள் அந்த அழுகின முட்டை நாற்றக் கந்தக வாயுவைக் குமிழ் குமிழாக விட்டோம். காரீயம் துளி இருந்தாலும் நிறம் பழுப்பாக மாறும்.

தவலை மோர்... பழுப்பு! நான் துள்ளிக் குதித்தேன்.

மண்சட்டி மோர்... அதுவும் பழுப்பு.

“வெறும் தண்ணியில விட்டுப் பாரு,” என்றான் டேனியல். விட்டேன். அதுவும் லேசான பழுப்பு!

இடிந்து உட்கார்ந்துவிட்டோம். பிறகுதான் உறைத்தது. தங்கத்தைப் பிரிக்கக் காரீயம் போட்டு உருக்குகிற ஆபீஸ் அது. மேஜை, கிண்ணம், எங்கள் சட்டை, எல்லாவற்றிலும் காரீயத் தூசி! அங்கே எதைச் சோதித்தாலும் காரீயம் இருக்கத்தான் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் பள்ளிக்கூடத்தில் ஒரு அறையைக் கேட்டு வாங்கினான் டேனியல். புதுக் குழாய்களை ஆசிட்டில் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பூஜைக்கு உட்காருகிற மாதிரி. ரத்தினம்மாவும் மேஸ்திரியும் ஆளுக்கொரு பெஞ்சில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெறும் தண்ணீர்... நிறமே இல்லை!

மண்சட்டி மோர்... இல்லை!

தவலை மோரில் வாயு ஏற ஏற, அடியிலிருந்து தேநீர் நிறம் சுருண்டு வந்தது பாருங்கள்... டேனியல் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். “வந்துட்ச்சிடா! வந்துட்ச்சி!”

எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? தெரிந்த அளவு காரீயம் போட்ட குழாய்களை வரிசையாக வைத்து, வெள்ளைத் தாளின் மேல் நிறத்தை ஒப்பிட்டோம். எங்கள் மோர், அதிகக் காரீயம் போட்ட கடைசிக் குழாயைவிடக் கருத்திருந்தது.

தவலைப் பூச்சைச் சுரண்டி ஆசிட்டில் கரைத்து, தெளிந்த நீரில் டிஸ்பென்சரியில் வாங்கிய, காரீயம் இருந்தால் மஞ்சளாக்கிக் காட்டுகிற அயோடைடு உப்பைப் போட்டோம். பளீரென்று மஞ்சள். சுடவைத்தால் மறைந்தது. ஆறினதும் குழாய் முழுக்கப் பொன்துகள் மின்னி மின்னி இறங்கியது!

மேஸ்திரி எழுந்து கிட்டே வந்தார். “இன்னா இது, தங்கமா?”

“இல்லீங்க. உங்க வயித்த முறுக்கினது இதுதான். தவலையில பூசினது. அவங்க ஒண்ணும் வைக்கல,” என்றேன்.

அவர் ரத்தினம்மாவின் பக்கம் திரும்பினார். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அவருக்கு வராது. “நாளைக்கு மண்பானையில கொண்டாம்மா. முதல் சொம்பு எனக்கு,” என்றார்.

“குடிப்பீங்களா? உதைப்பீங்களா?” என்று கேட்டாள் அவள். பெஞ்சு அதிர எல்லோரும் சிரித்தோம்.

கொஞ்ச நாளில் வலி அடங்கியது. அவளுக்கு மட்டும் குணமாக வெகுநாள் பிடித்தது. எங்களைவிட அதிகம் குடித்தவள் அவள்தானே...

இப்போது பட்டணத்தில் என் மகன் வேலை பார்க்கிற லாபரட்டரியைப் போய்ப் பார்த்தேன். நிறத்தை ஒப்பிடக் கருவி இருக்கிறது. என் கண்ணைவிட அது கெட்டி, ஒத்துக்கொள்கிறேன். சோதனைக்கு வந்த தண்ணீர்ப் புட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர்.

“இது யார் வீட்டுத் தண்ணீர்?” என்று கேட்டேன்.

“தெரியாதுப்பா,” என்றான்.

எங்களுக்கு ரத்தினம்மாவைத் தெரிந்திருந்தது.