அரசர் கெஞ்சிய இடம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வெண்கலக் குரல். அதனால் நாடகக் குழுவில் அவர் பெயரே வெண்கலம். நானூறு வருடம் பழைய ஆங்கிலச் சரித்திர நாடகங்களைத்தான், அதுவும் ஆங்கிலத்திலேயே, அந்தக் குழு போடும். அரசர் வேடம் எப்போதும் அவருக்கே. எந்த வயர் எங்கே போகிறது என்று பார்க்காமல் கைவைக்காத மனிதர், வசனத்தை மட்டும் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்துவிடுவார்.

ஒத்திகைக்கு முன் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் வசனத்தைச் சொந்தப் பேச்சில் சொல்லிக் காட்ட வேண்டும். அந்த நாள் பார்த்து அவருக்கு எங்காவது லிஃப்ட் நின்றுபோகும்.

இந்த முறை டைரக்டரம்மா விடுமுறை நாளாகப் பார்த்து வைத்துவிட்டார். "அர்த்தம் சொல்லாம யாரும் மேடை ஏறக்கூடாது. நீங்களே ஆரம்பிங்கண்ணே. போன வருஷம் பண்ணின நாடகம்தானே!"

அரசர் பாதிரியாரிடம் பேசும் இடம். ‘ப்ரிதீ’ என்று தொடங்கும். போன வருடம் அதை அவர் கர்ஜித்தபோது கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"அது... போடா வெளியேன்னு விரட்டுறாரு."

பாதிரியாராக நடிக்கும் தங்கை புருஷன் சிரித்துவிட்டார். "விளையாடாதீங்க மச்சான். ப்ரிதீன்னா கும்பிட்டுக் கேக்குறேன்னு அர்த்தம். என் மகனை விட்டுடுங்கன்னு கெஞ்சுறாரு. நீங்க விரலை ஆட்டிக் கத்தினதும், சரி, இது புது பாணி போலன்னு நானும் பயந்து வச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேக்குற ஆளா நீங்க? தெரியாதுன்னு ஒருநாள் உங்க வாயில வந்திருக்கா?"

வெண்கலத்தின் முகம் சுண்டிப்போனது. அர்த்தம் தெரிந்து, கைதட்டாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேரோ? மகனுக்காக மன்றாடிய தகப்பனை ஊர் பார்க்க அடியாளாக்கியிருந்தார்.

"வேஷத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடவாண்ணே?" டைரக்டரம்மா கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

அவர் கையிலிருந்த நாடகப் புத்தகத்தின் கடைசியில் பழஞ்சொற்களுக்குப் பொருள் அச்சிட்டிருந்தது. முன்பக்கங்களில் கிரீஸ் கறையும் விரல் அழுக்கும். பின்பக்கங்கள் வாங்கிய அன்றுபோல் மொடமொடவென்று இருந்தன. தங்கை புருஷன் எட்டிப் பார்த்ததும் உள்ளங்கையால் மறைத்தார். பிறகு கையை எடுத்தார்.

"கொடுத்தாலும் கொடுத்துடும்மா. தெரியாது. இது மட்டும் இல்ல, பாதிக்கு மேல எதுவுமே தெரியாது."

வெண்கலம் சொன்னது அடுத்த நாற்காலிக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வேஷத்தைக் கடைசியில பாத்துக்கலாம்," என்றார் டைரக்டரம்மா. "உங்க முதல் வசனத்துலேருந்து வாங்க. முதல் வரி."

அவர் முதல் சொல்லுக்கு அடியில் விரலை வைத்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம், மச்சான்?"