கொப்புளம் வளர்த்த காலம்

பெயிண்ட் அடிக்கிறவன் கனவில்கூடக் கொப்புளத்தைப் பார்க்க விரும்ப மாட்டான். அதை வளர்த்துக் கொடுக்கவே சம்பளம் வாங்கியவன் கம்பம் பள்ளத்தாக்கில் நான் ஒருவன்தான். பிரஷ் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும். மற்றவர்கள் சிரிக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது.

யுத்தத்துக்கு முந்திய காலம் அது. மதராஸில் பெயிண்ட் செய்கிற கம்பெனி ஒன்று, ரசாயனம் படித்த ஒருவரை அனுமந்தன்பட்டிக்கு அனுப்பியிருந்தது. அவரை ஆராய்ச்சி ஐயா என்போம். கம்பம் ரோட்டோரம் ஒரு தோட்டத்தைப் பிடித்து, வேலி நெடுகப் பலகைகளை வெயிலில் நிறுத்தினார். கொளுத்துகிற வெயிலும் மலையாளத்துப் பக்கமிருந்து வரும் சாரலும் ஒரே இடத்தில் கிடைப்பதால், பூச்சில் கொப்புளம் ஏன் கிளம்புகிறது என்று பார்க்க இதுதான் தோதான ஊராம். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. பலகைக்கு வர்ணம் அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன்.

முதல் குற்றம்

புது இடம், நல்ல பேர் எடுக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். நன்றாகக் காய்ந்த பலகையாகப் பொறுக்கினேன். வெடிப்பும் ஓட்டையும் அடைய மக்கு வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு பூசினேன். கோடை போய்ச் சாரலும் வந்தது. பலகைகள் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி நின்றன.

ஐயா தினம் வந்து பார்ப்பார், பெருமூச்சு விடுவார். மனிதருக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். கடைசியில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "மேஸ்திரி, நீங்க இப்படி நல்லா அடிச்சா நான் எப்படி ஆராய்ச்சி பண்றது?" என்றார்.

ஊசி வைத்தியம்

அதன் பிறகு எல்லாம் தலைகீழ். ஈரம் காயாத பச்சைப் பலகையில் பூசு என்றார். அதிலும் கறுப்பு, கரும்பச்சை என்று வெயிலை உறிஞ்சுகிற வர்ணமாகக் கொடுத்தார். மரத்துக்குள் இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பூச்சைத் தூக்குமாம். தூக்கியது. பணியாரச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி பலகை முழுக்கக் கொப்புளம். ஐயா முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

என்னால் தாங்க முடியவில்லை. ரோட்டில் போகிற வண்டிக்காரன் எல்லாம் பார்க்கிறானே. ஐயா சாப்பிடப் போன நேரத்தில் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, கட்டை விரலால் அமுக்கி, மேலே பிரஷ்ஷை இழுத்துவிட்டேன். திரும்பி வந்தவர் பூதக்கண்ணாடியை வைத்ததும் ஊசித் துவாரம் தெரிந்துவிட்டது. கத்துவார் என்று பார்த்தால், கத்தவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். "இங்க வைத்தியம் பாக்க உங்கள வைக்கல மேஸ்திரி, நோய் வளரட்டும்."

கையும் பலகைதான்

பழைய பலகைகளைச் சுரண்டிச் சுரண்டி என் உள்ளங்கையிலும் கொப்புளம் வந்தது. அதையும் அவர் விடவில்லை. என் கையை மேஜைமேல் வைத்து, பூதக்கண்ணாடி பிடித்து, படம் வரைந்துகொண்டார். தோலும் ஒரு பூச்சுதான், உராய்ந்தால் மேல்தோல் கழன்று இடையில் நீர் கோத்துக்கொள்கிறது, அது வற்றும்வரை உடைக்கக் கூடாது என்றார். என் கையை அவ்வளவு மரியாதையாக யாரும் தொட்டதில்லை. சுரண்டும் வேலையிலிருந்தும் விடுதலை.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் பெருமையாகக் கையை விரித்துக் காட்டினேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே, "அடுப்புல சுட்டு என் கை எத்தன தடவ கொப்பளிச்சிருக்கு, ஒரு ஆளாச்சும் கண்ணாடி வச்சுப் பாத்தாகளா?" என்றாள்.

மச்சினன் காட்டிய காட்சி

அப்போது மார்க்கையன்கோட்டையில் ஒரு பண்ணைக்காரர் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் நான் பூசுவதாகப் பேச்சு. அந்த வீட்டில் கை வைத்தவனைத்தான் அப்புறம் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடும். பலகை வேலை என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுவிடும். அந்த வீட்டைத்தான் நான் நம்பியிருந்தேன்.

என் மச்சினனும் பெயிண்டர்தான். பெண்டாட்டியின் தம்பி என்பதால் அதிகம் சொல்லவில்லை, கொஞ்சமும் மறக்கவும் இல்லை. ஒரு நாள் அந்தப் பண்ணைக்காரரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் வேலியோரம் நிறுத்தினான். கொப்புளம் உச்சத்தில் இருந்த நேரம். இதென்ன, பலகைக்கு அம்மை போட்டிருக்கா என்று அவர் கேட்டார். நான் பிரஷ்ஷோடு ஓடி வருவதற்குள் அவன் கையைக் கட்டிக்கொண்டு, பூசாரி போல் பணிவாகச் சொன்னான்: "எல்லாம் எங்க மச்சான் கைப்படப் பூசுனாகங்க."

நற்சான்று

ஆராய்ச்சி ஐயாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நீங்கள் சொல்லித்தான் இப்படிப் பூசினேன் என்று பண்ணைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது போதும். நல்ல மனிதர், உடனே கிளம்பி மார்க்கையன்கோட்டைக்கே வந்தார். வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து, மரம், ஈரம், ஆவி என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். பண்ணைக்காரர் கொட்டாவி விட்டார். அதெல்லாம் இருக்கட்டும், இந்த ஆள் வேலையில் எப்படி, அதைச் சொல்லுங்கள் என்றார்.

ஐயாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் தோளில் கையைப் போட்டு, மனசாரச் சொன்னார்: "இவர மாதிரி ஒரே சீராக் கொப்புளம் வரவைக்கிற ஆள மதராஸ்லகூட நான் பாத்ததில்ல."

பச்சைக் கதவு

வீடு மச்சினன் கைக்குப் போனது. தையில் குடி போக வேண்டும் என்று பண்ணைக்காரர் அவசரப்படுத்தினார். மலையிலிருந்து இறக்கிய மரம் காய்வதற்குள் இவன் கரும்பச்சையை இரண்டு கை இழுத்துவிட்டான். பங்குனி வெயில் முகப்புக் கதவில் விழுந்தது. சேதி கேட்டதும், யாரும் கூப்பிடாமலே வேட்டி மாற்றிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், ஆகா, ஐயா பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். கதவில் உள்ளங்கை வைக்க இடமில்லை. நான் தாடையைத் தடவிக்கொண்டு, பார்த்தீர்களா என்பதுபோல் பண்ணைக்காரர் முன் நின்றேன்.

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கிட்டத்தான் தொழில் கத்துக்கிட்டேன்னு உன் மச்சினன் சொன்னான், ஒண்ணுவிடாமக் கத்துக் குடுத்திருக்கியேப்பா."

என் வேலையில் வெயிலுக்கும் மழைக்கும் கொப்புளம் விடாமல் இத்தனை காலம் நிற்பது, அந்த மச்சினனோடு பேசுவதில்லை என்று அன்று நான் எடுத்த முடிவு ஒன்றுதான்.