மெய்யில்லா விருந்து

இந்த ஊரில் உதவி கேட்பவர் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சனிக்கிழமைதோறும் நூலகத்தின் மூலை மேசையில் ஐந்தாறு பேர் கூடி, பத்திரிகையில் வரும் கிரிப்டிக் குறுக்கெழுத்துப் புதிரை, குறிப்புக்குள்ளேயே விடையை ஒளித்துவைக்கும் வகையை, போடுவோம். ஒரு சொல் பிடிபடாவிட்டால், "சாரி, ஏழாம் எண்..." என்று துக்க வீட்டில் பேசுவதுபோல் முனகுவார்கள். மேசைக்கு நாட்டாமை கிரஹாம், ஓய்வு பெற்ற வக்கீல். நான் இங்கிலாந்துக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க இவர்கள் மொழியில்தான் பேசுகிறேன். ஆனாலும் "உங்கள் ஆங்கிலம் அருமை" என்று கிரஹாம் வாராவாரம் எனக்குச் சான்றிதழ் வழங்குவார்.

ஒருநாள் அவர், இப்படியொரு விளையாட்டு ஆங்கிலத்தில் மட்டுமே பிறந்திருக்க முடியும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சேலத்து வாட்ஸ்அப் புதிர்க் குழுவில் வந்த ஒரு குறிப்பைக் காட்டினேன்: 'மெய்யில்லா விருந்துக்குப் பரிசு. மூன்றெழுத்து.' மெய் என்றால் உண்மை, மெய்யெழுத்தும் அதுதான். விருந்தில் இருக்கும் மெய்யெழுத்தை எடுத்துவிட்டால் விருது என்று விளக்கினேன். கிரஹாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அழகு. யார் மொழிபெயர்த்தது?"

"மொழிபெயர்ப்பில்லை. தமிழிலேயே எழுதியது."

"ஆமாம், ஆமாம். நன்றாகவே மொழிபெயர்த்திருக்கிறார்கள்."

இவர்களிடம் என்ன சொல்வது?

அந்தக் குழுவில் புதிரை வெளியிடுபவர் அஸ்தம்பட்டி கோமதி டீச்சர். ஞாயிறு முற்பகல் அங்கே புதிர் வரும்போது எனக்கு இங்கே அதிகாலையாக இருக்கும். எட்டுப் பேரில் நால்வர் பேராசிரியர்கள். என்னைப்போல் மல்லசமுத்திரத்துக்காரன் ஒருவனும் உண்டு, செந்தில். போர்வெல் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் ஊர் ஊராகத் துளை போடுகிறவன். யார் திணறினாலும் ஒரு வரி எழுதிக் கைகொடுப்பான். "மெய்ய எடுத்துப் பாறுங்க அக்கா" என்று எனக்கும் எழுதினான். அந்த 'பாறுங்க' என் கண்ணை உறுத்தியது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எப்படி எல்லா விடையும் தெரிகிறது, எங்கிருந்தோ பார்த்துத்தான் சொல்கிறான் என்றும் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவில் எழுதினேன்: "இது படித்தவர்கள் குழு. ரகர றகரம் தெரிந்துகொண்டு உதவிக்கு வரலாம்." பேராசிரியர்கள் சிரிப்புப் பொம்மைகள் போட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

செந்தில் குழுவைவிட்டு வெளியேறினான். அடுத்த மூன்று ஞாயிறும் புதிர் வரவில்லை. டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று போன் செய்தேன்.

"எனக்கென்ன சாமி, நல்லாத்தான் இருக்கறேன். புதிர் எழுதறவனை நீதானே வெரட்டியுட்டே?"

"யாரைச் சொல்றீங்க டீச்சர்?"

"செந்திலைத்தான். மொதல்லருந்தே அவன்தான் எழுதறான். நான் பிழை திருத்திப் போடறதோட சரி. 'ரிக்குக்காரன் எழுதுனான்னா ஒருத்தரும் தொடமாட்டாங்க, எம் பேரு வேண்டாங்க'ன்னுட்டான்."

கிரஹாமிடம் என் மொழியின் பெருமையென்று நான் நீட்டியது அவன் எழுதியது. எழுதியது யாரென்றுகூட நான் கேட்டதில்லை. கிரஹாமாவது வாய் நிறையப் புன்னகைத்துக்கொண்டு அவமானப்படுத்துவார். எனக்கு அந்த நாகரிகமும் இல்லை.

செந்திலை அழைத்தேன். பின்னால் இயந்திரம் இரைந்தது. தப்பு என்னுடையது என்றேன்.

"உடுங்க அக்கா. தப்பா எழுதுனது நெசந்தானுங்க."

"இல்லை செந்தில், நான் அப்படி..."

"இங்க நான் இந்தி பேசுனா சிரிக்கறாங்க. சிரிச்சுட்டுப் போறாங்கன்னு உட்டர்றேன். தமிழ்லயும் சிரிச்சா நான் எந்த ஊட்டுக்குங்க போறது?"

இயந்திரம் நின்றது. பிறகு அவனே, "புதிர் வரும் அக்கா. டீச்சர் கேட்டுட்டாங்க" என்று வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு புதிர் வந்தது. டீச்சர் அவனைக் குழுவில் மீண்டும் சேர்த்திருந்தார்; இம்முறை அவன் பெயரோடு வந்தது. பேராசிரியர்கள் ஆளுக்கொரு கைதட்டல் பொம்மை போட்டார்கள், வெட்கமே இல்லாமல். ஒரு சொல்லைத் தவிர எல்லாம் போட்டுவிட்டேன். அது எங்கள் பக்கத்துப் பேச்சில் புழங்கும் சொல் என்று மட்டும் குறிப்பிலிருந்து தெரிந்தது. குழுவில் கேட்டால் செந்தில் உடனே உதவுவான். கேட்க முகமில்லை. வாரம் முழுக்க அந்தச் சொல் பிடிபடவில்லை.

சனிக்கிழமை மேசையில் நான் வெறித்துக்கொண்டிருந்ததைக் கிரஹாம் பார்த்துவிட்டார். "மாட்டிக்கொண்டீர்களா? எந்த எண்?" என்று பரிவோடு என் தாளை இழுத்தார். அதில் ஆங்கிலக் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. படியெடுத்து மடியில் வைத்திருந்த செந்திலின் புதிரில், மல்லசமுத்திரத்துச் சொல் ஒன்றுக்கு நான்கு கட்டங்கள் வெறுமையாக இருந்தன.